பினாயில் வாசம்

எழுத்துக்குப் பதினாலு ரூபாய் என்றார்
செவ்வாய்ப்பேட்டைக் கல்வெட்டுக்காரர்.
புள்ளிக்குக் காசில்லை.
பேராயர் பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களை
விரல்விட்டு எண்ணினேன்.
பிறகு கமிட்டியார் ஒன்பது பேர்.
செயலர் என்பதால் என் பெயர், தகப்பன் பெயரோடு.
ஆயரைக் கேட்டபோது,
"என் பேருக்கு ஆகிற காசில
பின்பக்கக் கக்கூசுக்கு ஒரு கதவு போடலாமே" என்றார்.
சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு.
ஏற்காட்டுப் பனி கோயில் வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றத் தயங்கி நின்றது.
ஆல்டர் படியில் ஒரு கூடை காபிப்பழம்,
அரைப்படி மிளகு, சவ்சவ், ஆரஞ்சு,
கால் கட்டிய இரண்டு சேவல்.
பேராயரின் கார் பதினோராம் கொண்டை ஊசி வளைவில்
என்று போன் வந்தது.
அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் பொங்கியது.

"ஆள் அனுப்புங்க" என்றார் பொருளாளர்.
எந்த ஆள் என்று யாரும் கேட்கவில்லை.
எந்தத் தெரு என்பது
எங்களுக்கு மனப்பாட வசனம்.

அந்தத் தெருவின் வடிவேல்
மூன்றாம் பெஞ்சில் இருந்தான்,
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் மகள்.
ஞானஸ்நானத்தில் அவன் சைலஸ் ஆகி
ஒரு வருஷம் முடிந்துவிட்டது.
நாங்கள் வடிவேல் என்றுதான் கூப்பிட்டோம்.
இப்போது யாரும் கூப்பிடவில்லை.
ஆனாலும் எழுந்தான்.

ஆயர் தேவசித்தம் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.
"மூணாவது பாட்டு மாறியிருக்கு சைலஸ்,
பாத்து வச்சுக்க."
அங்கியைக் கழற்றி
ஆர்மோனியப் பெட்டிமேல் மடித்து வைத்தார்.
பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார்.

நானும் போனேன்.
தூறல்.
குடை பிடித்தேன்,
எனக்கு.

மூங்கில் கழியால் குத்தினார், இழுத்தார்,
பிறகு கழியைப் போட்டுவிட்டுக் கையை விட்டார்.
வந்தது ஒரு கந்தல், இரண்டு பால் கவர்,
கதவுக்குப் பதிலாக நாங்கள் கட்டியிருந்த
பழைய பிளெக்ஸ் பேனரின் கிழிசல்:
'வருக வருக'.
"தண்ணி ஊத்துங்க சார்."
ஊற்றினேன், தள்ளி நின்று.
பாதி அவர் காலில் விழுந்தது.

கையை ஐந்து முறை கழுவினார்.
நான் எண்ணினேன்.
எண்ணுவதுதான் என் வேலை.

பேராயர் வந்தார். திரை விலகியது. கைதட்டினோம்.
கல்லில் என் தகப்பன் பெயருக்கு
ஒரு கால் கூடுதலாக விழுந்திருந்தது.
பதினாலு ரூபாய் தண்டம்.

திருவிருந்து.
வலப்பக்கம் பேராயர், இடப்பக்கம் ஆயர்.
சேதி பெஞ்சு பெஞ்சாக நகர்ந்திருந்தது.
வலப்பக்க வரிசை வாசலைத் தாண்டிப் பனிக்குள் போனது.
இடப்பக்கம் சைலஸ், அவன் மனைவி,
காது கேளாததால் சேதி எட்டாத
பாக்கியமணி டீச்சர்.

நான் இடப்பக்கம் போனேன் என்று எழுதிவிடலாம்.
வலப்பக்கம்தான் திரும்பினேன்.
"அங்க கூட்டம் சார், இப்படி வாங்க"
என்று வாலிபர் சங்கப் பையன் ஒருவன்
கையைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

முழங்காலிட்டேன்.
அப்பத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தது
பினாயில் வாசம்.
தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள்.
என் கை நீளவில்லை.
அவர் அவசரப்படவில்லை.
எனக்குப் பின்னால் ஆளுமில்லை.
ஆல்டரடியில் ஒரு சேவல் இறக்கையை அடித்தது.
அவர் அப்படியே நின்றார், குனிந்து,
காலையில் அங்கே குனிந்த அதே குனிவில்,
என் கை வரும்வரை.

ஏலத்தில் அந்தச் சேவலை எடுத்தேன், எழுநூறுக்கு.
கதவு இன்னும் போடவில்லை.
அடுத்த கமிட்டியில் ஆறாம் பொருள்.
முதலில் அதைப் பத்தாவதாக எழுதியிருந்தேன்.